டாம்பா வளைகுடாவில் உங்கள் முதல் ஃபிளை தூண்டில் போட்டி: பேர் கொடுப்பதில் தொடங்கி மீனைத் திரும்ப விடுவது வரை

ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில், டாம்பா பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் தூண்டில் ஆசை இல்லாத வீடு குறைவு. பழைய ஸ்கைவே பாலத்தின் மிச்சம் இப்போது மீன்பிடி மேடையாக இருக்கிறது. சனிக்கிழமை இரவு அங்கே போனால் இறாலைக் கோத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் நம்மவர்கள் இரண்டு மூன்று பேரையாவது பார்க்கலாம். அவர்களில் சிலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஃபிளை போட்டிக்குப் போகிறீர்களே, அதில் நாங்களும் சேரலாமா? படகு வேண்டுமே?"

சேரலாம். படகு வேண்டியதில்லை. உள்ளூர் மன்றங்கள் நடத்தும் பெரும்பாலான கரையோரப் போட்டிகளில் நடந்துபோய்ப் பிடிப்பவர்களுக்கும் கயாக்காரர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. விசைப்படகில் முப்பது மைல் சுற்றி வருபவரைவிட, ஒரே ஒரு மைல் கரையைக் கடல்நீர் ஏற்றத்திலும் வற்றத்திலும் பார்த்து மனப்பாடம் செய்தவருக்கு இந்த விளையாட்டில் வாய்ப்பு அதிகம். நான் பத்து வருடத்தில் கண்டது இதுதான். இந்த வழிகாட்டியும் அந்த நம்பிக்கையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

முதலில்: என்ன போட்டி இது?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோதான் கனம். அது பறக்க, நரம்பு (நைலான் இழை) பின்னால் போகும். ஃபிளை தூண்டிலில் கனம் முழுக்க லைனில் இருக்கிறது. தடித்த, பூச்சுப் போட்ட அந்த லைனைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி விரிக்க வேண்டும். நுனியில் கட்டியிருக்கும் ஃபிளைக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம்: ஒரு முள், கொஞ்சம் மான்முடி, இரண்டு இறகு. இரை, வாசனைப் பூச்சு எதுவும் போட்டியில் கூடாது.

டாம்பா வளைகுடாவில் பெரும்பாலும் மூன்று மீன்களுக்குத்தான் புள்ளி. நம் ஊர் மீன் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்றையும் அறிமுகம் செய்வது எளிது.

ரெட்ஃபிஷ் நம் கத்தாழையின் குடும்பம். வால் அடியில் கரும்புள்ளி, உடம்பில் செம்புப் பளபளப்பு. ட்ரவுட் என்று இங்கே சொல்லும் புள்ளி மீனும் அதே கத்தாழைக் குடும்பம்தான். குளிர்ந்த மலை ஆற்று ட்ரவுட்டுக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. மேல்தாடையில் நாய்ப்பல் போல நீட்டிக்கொண்டிருக்கும் பற்களை வைத்து இதை அடையாளம் கண்டுகொள்ளலாம். மூன்றாவது ஸ்னூக். பார்த்தவுடன் "அட, கொடுவா!" என்பீர்கள். அதே சரிந்த நெற்றி, அதே நீண்ட கீழ்த்தாடை. பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் கருங்கோடுதான் வித்தியாசம். இன்னொரு ஒற்றுமையும் உண்டு: கொடுவாவைப் போலவே ஸ்னூக்கும் ஆணாக வாழ்க்கையைத் தொடங்கிப் பிறகு பெண்ணாக மாறும். ஆகவே நீங்கள் பிடிக்கும் பெரிய ஸ்னூக் ஏறக்குறைய எப்போதும் முட்டையிடும் தாய் மீன். அதைக் கையாளும்போது இந்த நினைப்பு இருக்கட்டும்.

மூன்று இனத்திலும் ஒவ்வொன்றைப் பிடித்தால் 'ஸ்லாம்'. ஒவ்வோர் இனத்திலும் உங்களுடைய நீளமான மீனின் அங்குலங்களைக் கூட்டுவார்கள். 24 அங்குல ரெட்ஃபிஷ், 26 அங்குல ஸ்னூக், 17 அங்குல ட்ரவுட் என்றால் மொத்தம் 67. பக்கத்துக்காரர் 32 அங்குல ரெட்ஃபிஷும் 27 அங்குல ஸ்னூக்கும் பிடித்து, ட்ரவுட் இல்லாமல் வந்தால் 59தான். ஒரு ராட்சத மீனைத் துரத்துவதைவிட மூன்று சுமாரான மீன் மேல் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

பேர் கொடுக்கும் முன் விதிமுறையை இரண்டு தடவை படியுங்கள்

எல்லை எதுவரை, எந்தத் துறையிலிருந்தும் இறங்கலாமா, எத்தனை மணிக்கு முதல் வீச்சு, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், போட்டிக்கு முந்தைய நாட்களில் ஒத்திகைக்குப் போக அனுமதி உண்டா: இவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நேரம் மூன்று மணி என்றால் மூன்று மணிதான். ஒரு நிமிடம் தாண்டினாலும் அன்றைய மீன் கணக்கில் வராது.

அப்புறம் லீடர் விதி. லைனுக்கும் ஃபிளைக்கும் இடையே கட்டும் நரம்புதான் லீடர். சில மன்றங்கள் ஐ.ஜி.எஃப்.ஏ. அமைப்பின் ஃபிளை விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். 1939-ல் தொடங்கிய இந்த அமைப்புதான் உலகத் தூண்டில் சாதனைகளைப் பதிவு செய்கிறது. அலுவலகமும் ஃப்ளோரிடாவில், டேனியா பீச்சில் இருக்கிறது. அதன்படி லீடரில் பலம் குறைந்த பகுதியான டிப்பெட் 20 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. முடிச்சுகளுக்கு இடையே குறைந்தது 15 அங்குலம் இருக்க வேண்டும். மீனின் வாய்க்கு அருகே கட்டும் தடித்த நரம்பு, முடிச்சுகளையும் சேர்த்து 12 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. உங்கள் போட்டியில் இந்த விதி இருக்கிறதோ இல்லையோ, இதன்படியே கட்டிப் பழகுங்கள். எந்தப் போட்டிக்கும் பொருந்தும்.

உரிமம் வாங்க மறக்காதீர்கள். ஃப்ளோரிடாவில் வசிப்பவருக்குக் கடல்மீன் உரிமம் ஓராண்டுக்கு 17 டாலர். வெளிமாநிலத்தவருக்கும் ஊரிலிருந்து வந்திருக்கும் விருந்தினருக்கும் 3 நாளைக்கு 17, 7 நாளைக்கு 30, ஓராண்டுக்கு 47 டாலர். வாங்கும் இடத்தில் சிறு கட்டணம் சேரும். குடியிருப்பவர்களுக்குக் கரையிலிருந்து பிடிக்க இலவச உரிமம் ஒன்று உண்டு என்றாலும், கயாக்கில் ஏறிய நிமிடமே அது போதாது. 17 டாலரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பிடித்த மீனைத் திரும்ப விடும் போட்டியானாலும் உரிமம் வேண்டும்.

கருவிகள்

9 அடி நீளம், 8 எண் கம்பு ஒன்று போதும். மூன்று மீனுக்கும் அதுவே. ரீலுக்கு உப்புநீர் தாங்கும் பிரேக் இருக்க வேண்டும். லைனுக்கு அடியில் 20 பவுண்டு பேக்கிங் (துணை நூல்) 150 கஜமாவது சுற்றியிருக்க வேண்டும். மிதக்கும் லைன் ஒன்று வாங்குங்கள், பெட்டியில் வெப்பக் கடலுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்நீர் லைன் டாம்பா வெயிலில் வெந்த நூடுல்ஸ் மாதிரி தொய்ந்துவிடும், வளையங்களில் ஒட்டிக்கொண்டு நகராது. பணம் இருந்தால் மெல்ல மூழ்கும் லைன் இன்னொன்று, ட்ரவுட்டுக்கு உதவும்.

லீடரை நீங்களே கட்டலாம். 40 பவுண்டு நரம்பு நாலு அடி, 30 பவுண்டு இரண்டு அடி, 20 பவுண்டு ஒன்றரை அடிக்குச் சற்று மேல், கடைசியாக ஓர் அடிக்குச் சற்றுக் குறைய 30 அல்லது 40 பவுண்டு ஃபுளோரோகார்பன். ஸ்னூக்குக்குக் கூர்ப்பல் கிடையாது. ஆனால் உதடு உப்புத்தாள் மாதிரி, செவுள் மூடியின் ஓரம் சவரத்தகடு மாதிரி. அந்தக் கடைசி ஓரடித் தடித்த நரம்பு இல்லாமல் போனால் நல்ல மீன்களை இழப்பீர்கள். ஃபிளையைக் கட்ட, இறுகாமல் வளையமாக நிற்கும் முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். தடித்த நரம்பில் இறுக்கமாகக் கட்டிய ஃபிளை குச்சி போல விறைத்து நீந்தும். வளையத்தில் கட்டியது ஆடும்.

ஃபிளைகள் பெட்டி நிறைய வேண்டியதில்லை. க்ளவுசர் மின்னோ நாலைந்து: முள்ளின் கட்டும் துளையருகே உலோகக் கண்மணி வைத்து முள் மேல்நோக்கி நிற்கும்படி கட்டுவது. பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா ஆற்று மீனுக்காகப் பாப் க்ளவுசர் கட்டியது, இன்று உலகக் கடலெல்லாம் போகிறது. வெள்ளை டிசீவர் மூன்று: லெஃப்டி க்ரே வடிவமைத்த இந்த ஃபிளை 1991-ல் அமெரிக்க அஞ்சல் தலையிலேயே இடம் பிடித்தது. இறால் வடிவம் இரண்டு, நண்டு வடிவம் இரண்டு, விடிகாலைக்கு மேலே மிதந்து சத்தம் போடும் ஃபோம் ஃபிளை ஒன்று. நிறம்? தெளிந்த நீரில் வெள்ளையும் பழுப்பும், கலங்கிய நீரில் கறுப்பு. இதற்கு மேல் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டு நான் எதையும் கண்டதில்லை.

ஒவ்வொரு முள்ளிலும் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீன் கழன்றுவிடாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நரம்பு தளராமல் இருந்தால் கழலாது. உங்கள் காதிலோ நண்பரின் முதுகிலோ ஏறினாலும் எளிதாக வெளியே வரும்.

மற்றவை: ரப்பர் பின்னல் கைவலை, ஒரு முனையில் தடுப்பு வைத்த அளவுப்பலகை, போலரைஸ்டு கண்ணாடி, தண்ணீர் புகாத போன் உறை, முழுக்கைச் சட்டை, தொப்பி, மூன்று லிட்டர் குடிநீர். கயாக் என்றால் ஆளுக்கொரு மிதவை உடையும் விசிலும் சட்டப்படி கட்டாயம். இருட்டில் கிளம்பினால் வெள்ளை விளக்கும் சேர்த்து.

ஆறு வாரமும் தினமும் இருபது நிமிடம்

வீட்டுக்கு எதிரே இருக்கும் புல்தரையே போதும். பழைய ஃபிளையின் முள்ளை வெட்டிவிட்டு லீடர் நுனியில் கட்டுங்கள். 40 அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். மூன்று வீச்சுக்குள் தட்டில் விழ வேண்டும். 80 அடி வீசும் ஆசை எல்லாருக்கும் வரும். டாம்பாவின் ஆழம் குறைந்த திட்டுகளில் மீனைப் பார்ப்பதே பெரும்பாலும் 30, 40 அடியில்தான். பார்த்ததும் ஐந்து நொடிக்குள் ஃபிளை அங்கே போய்ச் சேர வேண்டும்.

எதிர்காற்றில் பழகுங்கள். வலக்கைக்காரர் என்றால் வலப்பக்கக் காற்று வரும் நாளில் கட்டாயம் போய்ப் பழகுங்கள், லைன் முகத்தின் மேல் வரும். முதுகைக் காட்டித் திரும்பி, பின்வீச்சிலேயே ஃபிளையை விடக் கற்றுக்கொள்ள வேண்டும். கயாக்கில் உட்கார்ந்து வீசப்போகிறவர்கள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பழகுங்கள். உயரம் குறைந்ததும் பின்வீச்சு புல்லில் இடிக்கும், அதைத் திருத்த இரண்டு வாரம் பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று இருக்கிறது. இரை போட்டுப் பழகிய கை, மீன் கடித்ததும் கம்பை மேலே வெட்டி இழுக்கும். ஃபிளையில் அப்படிச் செய்தால் மீனின் வாயிலிருந்து ஃபிளை பறந்து வந்துவிடும். கம்பு மீனை நோக்கி நீட்டியபடியே இருக்க, இடக்கையால் லைனை ஒரு நீள இழுப்பு இழுக்க வேண்டும். முள் ஏறியது கையில் தெரிந்த பிறகுதான் கம்பு எழ வேண்டும். தம்பியையோ பிள்ளையையோ லைன் நுனியைப் பிடித்துச் சட்டென்று இழுக்கச் சொல்லி, இந்தப் பழக்கம் உடம்பில் ஊறும்வரை செய்யுங்கள். எனக்கு இது ஊறுவதற்கு ஒரு வருடமும் பல ரெட்ஃபிஷ்களும் ஆயின.

ஒரு மைல் கரை: தேர்ந்தெடுப்பதும் படிப்பதும்

டாம்பா வளைகுடா சுமார் 400 சதுர மைல். சராசரி ஆழம் 12 அடிதான். இவ்வளவு பெரிய இடத்தில் எங்கே போவது என்று திகைக்க வேண்டாம். கயாக்காரர்களுக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் வீடன் ஐலண்ட். நடப்பவர்களுக்கு வளைகுடா வாயில் இருக்கும் ஃபோர்ட் டி சோட்டோ. இரண்டிலும் மோட்டார் போகக்கூடாத பகுதிகள் உண்டு, அங்கே மீன் நிம்மதியாக இருக்கும். பிச்சாவரம் போனவர்களுக்கு வீடன் ஐலண்டில் கண்டல் வேர்களுக்கு நடுவே நுழையும்போது ஊர் ஞாபகம் வரும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலும் அக்டோபரில் மில்டன் புயலும் அடித்த பிறகு இந்தக் கரையில் மணல் திட்டுகள் பல இடம் மாறியிருக்கின்றன. பழைய வரைபடத்தையும் என்னைப் போன்றவர்களின் பழைய பேச்சையும் நம்பாமல் நேரில் போய்ப் பாருங்கள்.

ஆறு வாரத்தில் அந்த ஒரு மைலுக்கு ஐந்து தடவையாவது போங்கள். அதில் இரண்டு தடவை தூண்டிலே வேண்டாம். அடிமட்ட வற்றத்தில் போய் நில்லுங்கள். மற்ற நேரத்தில் தண்ணீருக்கு அடியில் மறைந்திருப்பதெல்லாம் அப்போது வெளியே தெரியும்: சிப்பித் திட்டுகள் எங்கே, புல்லுக்கு நடுவே வெளுத்த மணல் குழிகள் எங்கே, தண்ணீர் கடைசியாக வடிந்து போகும் ஓடை எது. வற்றத்தில் மீன் அந்த ஓடையில்தான் நிற்கும். ஏற்றத்தில் அதே ஓடை வழியாகத்தான் திட்டுக்கு ஏறும். இவற்றைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றவற்ற அட்டவணை பார்க்கும்போது ஒரு விஷயம். வளைகுடா வாயில் ஏற்றம் வந்து, உள்ளே 'ஓல்ட் டாம்பா பே' என்ற வடமேற்குப் பகுதி வரை போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகும். உங்கள் இடத்துக்கு அருகே இருக்கும் அளவுநிலையத்தின் நேரத்தைப் பாருங்கள், அதிலும் உங்கள் ஓடைக்கு எத்தனை நிமிடம் பிந்துகிறது என்று நீங்களே கண்டு எழுதுங்கள். மழை, காற்று இதையும் புரட்டும். குளிர்காலத்தில் வடகாற்று இரண்டு நாள் அடித்தால் தண்ணீரை வளைகுடாவிலிருந்து வெளியே தள்ளிவிடும், அட்டவணையில் போட்டிருப்பதைவிட ஓர் அடி குறைவாக இருக்கும்.

மடவை கூட்டம் எங்கே துள்ளுகிறது என்றும் பாருங்கள். நம் ஊர் மடவைதான், அதே துள்ளல். மடவை சேற்றைக் கிளறிக்கொண்டு போகும். அது கலைக்கும் இறாலையும் நண்டையும் தின்ன ரெட்ஃபிஷ் கூடவே போகும். மடவையே இல்லாத திட்டில் நான் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை.

முந்தின இரவு

மாலைக் கூட்டத்தில் டோக்கன் கொடுப்பார்கள். அன்றைய போட்டிக்கென்று எண்ணோ நிறமோ உள்ள அட்டை அது. ஒவ்வொரு மீன் படத்திலும் தெரிய வேண்டும். அதை அளவுப்பலகையிலேயே ஒரு சின்னச் சங்கிலியில் கோத்துவிடுங்கள். விதிமுறையில் கடைசி நேர மாற்றம் ஏதாவது இருந்தால் இந்தக் கூட்டத்தில்தான் சொல்வார்கள், அதனால் கடைசிவரை இருங்கள்.

வீட்டுக்கு வந்து புதிய லீடர் மூன்று கட்டிச் சுற்றி வையுங்கள். முள்ளை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள்: வழுக்கினால் அரம் போட வேண்டும். போனுக்கு முழு சார்ஜ். மாநில மீன்வளத் துறையின் செம்பாசி ('ரெட் டைட்' என்னும் நச்சுப் பாசி) வரைபடத்தைப் பாருங்கள். 2018-ல் இந்தக் கரையில் செம்பாசி பெருகி மீன்கள் குவியலாகச் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் யாரும் இதை மறக்கமாட்டார்கள். செம்பாசி வந்த இடத்தில் மீனும் இருக்காது, உங்களுக்கும் தொண்டை எரியும்.

போட்டி நாள்

அக்டோபர் இரண்டாம் வாரம், சூரியன் ஏழு இருபத்தைந்துக்கு எழும், வற்றம் 8.40-க்கு முடியும், ஏற்றம் பிற்பகல் வரை வரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட நாளை நான் இப்படிப் பிரிப்பேன்.

விடியும் முன்பே ஓடை வாயில் நிற்க வேண்டும். மங்கிய வெளிச்சமும் ஓடும் தண்ணீரும் ஸ்னூக்குக்குப் பிடித்த வேளை. கண்டல் முனையில், வடியும் நீருக்கு முகம் காட்டிக்கொண்டு ஸ்னூக் நிற்கும். தண்ணீர் கொண்டுவரும் குட்டி மீனைத் தின்பதற்குத்தான் அப்படி நிற்கிறது. எனவே ஃபிளையும் தண்ணீரோடுதான் வரவேண்டும். ஓடைக்கு மேல்பக்கம் வீசி, நீரோடு மிதந்து வரவிட்டு, முனையைத் தாண்டும்போது இரண்டு சின்ன இழுப்பு. கடிக்கும்போது 'டப்' என்று கதவைச் சாத்தின சத்தம் கேட்கும். கேட்டதும் கம்பை எழுப்பாதீர்கள்! இழுங்கள். முள் ஏறியதும் மீன் வேருக்குள் ஓடப் பார்க்கும், முதல் மூன்று நொடி விட்டுக்கொடுக்கவே கூடாது.

மூன்றில் ஸ்னூக்தான் கடினம். எட்டு மணிவரை கிடைக்காவிட்டால் அங்கேயே மன்றாடிக்கொண்டு நிற்க வேண்டாம். மாலைக்குள் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

எட்டரைக்கு ரெட்ஃபிஷ். வற்றத்தின் கடைசியிலும் ஏற்றத்தின் முதல் ஒன்றரை மணி நேரத்திலும், கெண்டைக்கால் ஆழத்தில் வால் தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குப் புல் நுனி ஆடுவது போலத்தான் இருக்கும். பிறகு அது மெல்லச் சாயும், வெயில் பட்டுச் செம்பாக மின்னும், ஓரத்தில் ஒரு கீற்று நீலம். அடியில் கரும்புள்ளி. வால் நடுங்குகிறது என்றால் தலை கீழே சேற்றில் நண்டை நசுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் அதற்கு எதுவும் தெரியாது. ஃபிளையை இரண்டடி முன்னால், ஓரடி அப்பால் போட்டுவிட்டுக் காத்திருங்கள். வால் இறங்கி மீன் நகரத் தொடங்கியதும் ஃபிளையை நான்கு அங்குலம் நகர்த்துங்கள், அவ்வளவுதான். மீனை நோக்கி ஃபிளை வரக்கூடாது. எந்த நண்டும் தன்னைத் தின்ன வருகிறதை நோக்கி ஓடாது. மீனுக்கு முன்னாலிருந்து விலகிப் போவதாகவே இழுங்கள்.

நடப்பவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். புல்லுக்குள் திருக்கை படுத்திருக்கும். கால் உரசினால் விலகிப் போய்விடும், மேலே மிதித்தால்தான் முள்ளால் குத்தும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். போட்டி அன்றைக்கு அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு மேல் தண்ணீர் கண்டலுக்குள் ஏறிவிடும், ரெட்ஃபிஷும் கூடவே போய்விடும். அப்போது மூன்று நாலடி ஆழத்துப் புல்லுக்கு வாருங்கள், மணல் குழிகளின் ஓரத்தில் க்ளவுசரை விழவிட்டு, இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி. ட்ரவுட் பெரும்பாலும் நிறுத்தும்போதுதான் எடுக்கும். வாய் மென்மையானது. ஸ்னூக்குக்கு இழுத்த மாதிரி இழுத்தால் கிழிந்துவிடும்.

இரண்டு பேர் ஒரே படகில் போனால் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. படகின் மூக்கு 12 மணி. கழி ஊன்றுபவர் "10 மணி, 40 அடி, இடப்பக்கம் போகிறது" என்பார். வீசுபவர் முதலில் கம்பை அந்தத் திசையில் நீட்டிக் காட்ட வேண்டும். "இன்னும் இடது, அங்கேதான்" என்று உறுதியானதும் வீச வேண்டும். மீன் தெரியாமல் வீசும் வீச்சு கூட்டத்தையே கலைத்துவிடும்.

அக்டோபரில் குறைவு என்றாலும், இந்தப் பகுதி அமெரிக்காவிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் ஒன்று. ஃபிளை கம்பு கிராஃபைட்டால் ஆனது, மின்சாரம் கடத்தும். இடி கேட்டால் கம்பைப் படுக்க வைத்துவிட்டுக் கரைக்குப் போங்கள். எந்தப் பரிசும் இதற்கு ஈடில்லை.

பலகை, படம், மீன்

இந்தப் பகுதியை மட்டும் அச்செடுத்துக் கொண்டுபோனாலும் தகும்.

மீன் வலைக்குள் வந்ததும் வலையைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். மீன் அதற்குள் மூச்சு வாங்கட்டும். நீங்கள் பலகையை எடுத்துத் தண்ணீரில் முக்குங்கள். வெயிலில் கிடந்த பலகை தோசைக்கல் மாதிரி சுடும், மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். டோக்கனை இடத்தில் வையுங்கள். போனின் கேமராவைத் திறந்து, அதன் லென்ஸைச் சட்டையின் உட்பக்கத்தால் துடையுங்கள். உப்பும் மீன் வழுவழுப்பும் பட்ட லென்ஸில் எல்லாப் படமும் பனி மூடினது போல் வரும். கைகளை நனையுங்கள். இவ்வளவும் ஆன பிறகுதான் மீன் வெளியே வரவேண்டும்.

தலை இடப்பக்கம், வாய் மூடி, மூக்கு தடுப்பைத் தொட வேண்டும். வாலின் இரு நுனியையும் சேர்த்துக் கிள்ளினால் எட்டும் நீளம்தான் ஃப்ளோரிடாவின் கணக்கு. கால் அங்குலத்துக்குக் குறைவானதைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். கை செவுளையோ எண்களையோ மறைக்கக்கூடாது. நேர் மேலிருந்து மூன்று படம். பத்து எண்ணுவதற்குள் முடியும், பழகினால். உடனே மீனை வலைக்குள் தண்ணீரில் வைத்துவிட்டு, அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மூக்கு, வால், எண், டோக்கன். நாலும் சரியென்றால் விடலாம். ஒன்று தவறினாலும் மீன் இன்னும் வலையில்தான் இருக்கிறது, மறுபடி ஒரு தடவை எடுக்கலாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு 27¼ அங்குல ரெட்ஃபிஷ் ஒன்று கிடைத்தது. அதுவரை நான் போட்டியில் பிடித்ததிலேயே பெரியது. மூன்று படம் எடுத்தேன், மீனை விட்டேன், அதற்குப் பிறகுதான் பார்த்தேன். மூன்றிலும் டோக்கன் எண் மீன் வயிற்றுக்கு அடியில் இருந்தது. நடுவர்கள் படங்களை நீண்ட நேரம் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரி.

மீனை விடும்போது ஸ்னூக்கை உதட்டில் மட்டும் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். ஒரு கை வயிற்றுக்கு அடியில் இருக்கட்டும். ஓட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்து, வால் அடியைத் தளர்வாகப் பிடித்திருங்கள். தெம்பு வந்ததும் கையை உதறிவிட்டுத் தானாகவே போகும். அதற்கு முன் தள்ள வேண்டாம். பக்கத்தில் ஓங்கில்கள் சுற்றினால் அந்த இடத்தில் பிடிப்பதையே நிறுத்திவிட்டு வேறிடம் போங்கள். களைத்த மீனை அவை அப்படியே கவ்விப்போகும், பழகிவிட்டால் படகுகளைப் பின்தொடரவும் தொடங்கும்.

ஃப்ளோரிடாவில் ரெட்ஃபிஷ் இவ்வளவு இருப்பதே தற்செயல் இல்லை. 1980-களில் மசாலா தடவிக் கருக வறுத்த ரெட்ஃபிஷ் அமெரிக்க உணவகங்களில் பெரிய மோகமாகி, மீன் வேகமாகக் குறைந்தது. 1989-ல் இந்த மாநிலம் தன் கடல் ரெட்ஃபிஷ் விற்பனையையே நிறுத்தியது. நீங்கள் பலகையில் வைக்கும் மீன் அந்த முடிவால் பிழைத்த கூட்டத்தின் வாரிசு.

திரும்பி வந்த பிறகு

முடிவு நேரத்துக்கு முக்கால் மணி முன்பே துடுப்பைக் கரைக்குத் திருப்புங்கள். பிற்பகல் கடற்காற்று எதிரே அடித்தால் கயாக் நகரவே நகராது. படங்களை ஒப்படைத்து, ஒவ்வொரு மீனின் நீளமும் தாளில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முடிவு அறிவிக்கும்வரை இருங்கள். ஜெயித்தவரிடம் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்பது மரியாதையில்லை, யாரும் சொல்லவும் மாட்டார்கள். "தண்ணீர் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது?" என்று கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும், அந்தப் பதில்தான் பயன்படும்.

வீட்டில், குளிப்பதற்கு முன்பே ரீலையும் கம்பையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்தால் உப்பு உள்ளே போகும். நனைந்த ஃபிளைகளைப் பெட்டியில் போட்டு மூடாமல் ஒரு தட்டில் பரப்பி வையுங்கள், ஓர் ஈர ஃபிளை பெட்டி முழுக்கத் துருவேற்றிவிடும். அவை காய்வதற்குள் நோட்டை எடுத்து எழுதுங்கள்: தேதி, காற்று எந்தத் திசை, வற்றம் எத்தனை மணிக்கு, உங்கள் ஓடையில் எத்தனை நிமிடம் பிந்தியது, முதல் வால் எங்கே எழும்பியது.